சேதுக்காளை மகன்கள் வீடு கட்ட அனுமதி வாங்கியது

ராமநாதபுரத்துக்குத் தெற்கே மந்திவலசை என்றொரு ஊர். மழை பெய்தால் அந்த ஊர்க் கண்மாய் நிறையும், பெய்யாவிட்டால் வறண்டு கிடக்கும். சேதுக்காளையின் மகன்கள் மூன்று பேருடைய மண்டை மட்டும் எந்தப் பருவத்திலும் ஒரே மாதிரிதான் கிடந்தது. மூத்தவன் உடையப்பன், நடுவுள்ளவன் இருளாண்டி, கடைசி பூசைமுத்து. மூவரில் உடையப்பன்தான் புத்திசாலி என்று தம்பிமார் இருவரும் சொல்வார்கள். உடையப்பனும் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

அப்பன் விட்டுப்போன ஓட்டு வீடு ஒன்று அவர்களுக்கு இருந்தது. ஐப்பசி அடைமழையில் விறகெல்லாம் நனைந்துபோக, காய்ந்த கட்டை எங்கே இருக்கிறது என்று மூவரும் வீடெல்லாம் தேடினார்கள். தலைக்கு மேலே உத்தரம் இருந்தது. அதை உருவி அடுப்பில் வைத்தார்கள். கஞ்சி கொதிப்பதற்குள் வீடு விழுந்துவிட்டது.

"நல்லவேளை, உத்தரத்தை முன்னாடியே எடுத்துட்டோம். இல்லன்னா அதுவும்ல இடிபாட்டுல மாட்டியிருக்கும்" என்றான் உடையப்பன். தம்பிமார் அண்ணனின் முன்யோசனையை மெச்சினார்கள்.

ரேஷன் கடையிலிருந்து திரும்பிய உடையப்பன் பெண்டாட்டி அழகுநாச்சி, வீடு இருந்த இடத்தைப் பார்த்தாள். மூவரையும் பார்த்தாள். தன் தம்பி கோட்டைச்சாமி வீட்டுக்கு நடையைக் கட்டினாள். மூவரும் பின்னாலேயே போனார்கள்.

கோட்டைச்சாமி அக்காளுக்கு வீட்டுக்குள் இடம் கொடுத்தான். அக்காளைக் கட்டியவனுக்கும் அவன் தம்பிமாருக்கும் மாட்டுக்கொட்டகையில் கொடுத்தான். "மச்சான், எருமை சினையா இருக்கு. அது கன்னு போடுறதுக்குள்ள ஒரு வீட்டைக் கட்டிக்கிட்டுப் போயிருங்க. கன்னுக்குட்டி உங்களைப் பாத்து வளரக்கூடாது" என்றான்.

உடையப்பனுக்கு அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. எருமை தன்னைத் தாழ்வாகப் பார்ப்பதாகவும் அன்று முதல் அவனுக்குத் தோன்றியது. அந்த விஷயத்தில் அவன் நினைத்தது சரிதான்.

அழகுநாச்சி அவனைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "இந்தத் தடவை முறைப்படி கட்டணும். பத்திர எழுத்தர்கிட்ட போய் என்னென்ன வேணும்னு கேளுங்க. அவர் சொல்றதை அப்படியே செய்யுங்க. சொந்தமா எதையும் யோசிக்க வேண்டாம்."

அவள் வாழ்க்கையில் செய்த தவறுகளில், கல்யாணத்துக்கு அடுத்தபடி இதுதான் பெரியது.

பத்திர எழுத்தர் வேலாயுதம் பதிவு அலுவலகத்துக்கு எதிரே புங்கமரத்தடியில் மேசை போட்டிருந்தார். "வீடு கட்டணுமா? மொதல்ல மூலப்பத்திரம் வேணும். உங்ககிட்ட மூலம் இருக்கா?" என்று சத்தமாகக் கேட்டார்.

நாலு பேர் நிற்கிற இடத்தில் இப்படியா கேட்பது என்று உடையப்பன் கூனிக் குறுகிப்போனான். "எனக்கு இல்லீங்களே" என்றான் மெதுவாக.

"நல்லாத் தேடிப் பாருங்கப்பா. மூணு பேர்ல யார்கிட்டயாவது இருக்கும். அது இல்லாம ஒண்ணும் நடக்காது."

மூவரும் நேராக வைத்தியர் ஞானமுத்துவிடம் போனார்கள். அவர் ஒவ்வொருவரையாகப் பரிசோதித்துவிட்டு, இருளாண்டிக்கு மட்டும் ஆரம்ப நிலையில் இருக்கிறது என்றார். பூசைமுத்து ஓடிப்போய் இருளாண்டியைக் கட்டிக்கொண்டான். "வீடு கெடைச்ச மாதிரிதாண்ணே!"

உடையப்பனுக்குச் சந்தோஷம் வரவில்லை. மூலம் இருளாண்டியிடம் என்றால் வீடும் அவன் பேருக்குத்தானே போகும்? மூத்தவன் நான் எதற்கு இருக்கிறேன்? அவன் தயங்கித் தயங்கி, "வைத்தியரே, எனக்கும் கொஞ்சம் வர்றதுக்கு வழி உண்டுங்களா?" என்று கேட்டான்.

"வெறும் மொளகாயாத் தின்னு. வரும்" என்றார் வைத்தியர் எரிச்சலோடு.

உடையப்பன் தின்றான். கண்ணில் நீர் வழிய, மூக்கைச் சிந்திக்கொண்டு, குடும்பத்துக்காகத் தின்றான். ஒரு வாரம் கழித்து வைத்தியர் கைப்பட எழுதிய சீட்டை வேலாயுதத்தின் மேசையில் வைத்துவிட்டு, உட்காராமல் நின்றான்.

வேலாயுதம் வாசித்தார். "கருணைக்கிழங்கு லேகியம், காலை மாலை, வெந்நீரில்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். அதே லேகியம்தான் இருந்தது.

அழகுநாச்சி இடிபாட்டைக் கிளறி, மாமனாரின் தகரப் பெட்டியிலிருந்து உண்மையான மூலப்பத்திரத்தை எடுத்துக் கொடுத்தாள். வேலாயுதம் அதைப் பார்த்துத் திருப்திப்பட்டார். "சரி. அடுத்து, முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாத்துருங்க" என்றார்.

திரும்பும் வழியில் மூவரும் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"வில்லங்கம் யாரோட போடுறதுண்ணே?" என்றான் பூசைமுத்து.

"மனைக்கு வில்லங்கம்னா பக்கத்து மனைக்காரரோடதான் போடணும்" என்றான் உடையப்பன்.

"அருளானந்தம் மாமாவா? அவரு தங்கமான மனுசனாச்சே" என்றான் இருளாண்டி.

"அதுக்கு என்ன செய்ய? சும்மா வாய்ச்சண்டை போட்டா பொங்கலுக்குள்ள ஆறிப்போகும். இது முப்பது வருஷம் தாங்கணும். கெட்டியாப் போடணும்."

அருளானந்தம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நாயைக்கூட 'வாங்க போங்க' என்று விரட்டுகிறவர். மறுநாள் காலை அவர் எழுந்து வந்தபோது, தன் வேலி தன் வாசற்படிக்குப் பக்கத்தில் நடப்பட்டிருந்ததைப் பார்த்தார். "என்னப்பா இது?" என்றார்.

உடையப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னான்: "ஒண்ணுமில்ல மாமா. ஒரு வில்லங்கம் போட்டுப் பாக்குறோம். முப்பது வருஷத்துக்கு வேணும். நீங்கதான் கொஞ்சம் ஒத்துழைக்கணும்."

அருளானந்தம் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். "கோபமே பட மாட்டேங்கிறாரேடா" என்று உடையப்பன் கவலைப்பட்டான். அதனால் அவருடைய முருங்கைமரத்தை வெட்டினார்கள். காய்த்துத் தொங்கிய மரம். அருளானந்தத்தின் பெண்டாட்டி தெருவில் இறங்கி மண்ணை வாரித் தூற்றினாள். அடுத்த வாரம் நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தது.

உடையப்பன் அதற்குச் சந்தனம் தடவி வேலாயுதத்திடம் எடுத்துப் போனான். "வில்லங்கம் நல்லாப் பிடிச்சிருக்குங்க. முப்பது வருஷமென்ன, பேரன் காலத்துக்கும் நிக்கும்னு வக்கீலே சொல்லிட்டாரு."

வேலாயுதம் அன்று மத்தியானமே மேசையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அழகுநாச்சி அருளானந்தத்தின் காலில் விழுந்து, புது முருங்கைப் போத்து நட்டுக் கொடுத்து, வழக்கை வாபஸ் வாங்கவைத்தாள். வேலாயுதமும் ஒரு பாடம் படித்திருந்தார். இவர்களிடம் அதிகம் பேசக்கூடாது என்று முடிவு கட்டி, சுருக்கமாகச் சொன்னார்: "பட்டா இன்னும் உங்கப்பா சேதுக்காளை பேர்ல இருக்கு. பேரை மாத்திட்டு வாங்க. வேற எதுவும் செய்யாதீங்க."

இது சுலபமான வேலை என்று மூவருக்கும் பட்டது. அய்யனார் கோயிலுக்குப் போய், ஒருவர் காதில் ஒருவர் "சேதுக்காளை, சேதுக்காளை" என்று ஓதி, நாக்கில் சீனித்தண்ணீர் வைத்துப் பேரை மாற்றிக்கொண்டார்கள்.

"மூணு பேரும் சேதுக்காளைன்னா குழப்பமா இருக்காதாண்ணே? சின்னச் சேதுக்காளைன்னு வச்சுக்கிரட்டா?" என்று கேட்டான் பூசைமுத்து.

"மூடு வாயை. பட்டாவுல ஒரு எழுத்து மாறினாலும் செல்லாது" என்றான் மூத்த சேதுக்காளை.

கிராம நிர்வாக அலுவலர் ஓர் அம்மாள். மூவரும் வரிசையாக நின்று, "சேதுக்காளை வந்திருக்கோம்" என்றார்கள். அவர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "சேதுக்காளையா? அவர் இறந்துட்டாரே."

உடையப்பன் பதிவேட்டின் மேல் குனிந்தான். "எப்பங்கம்மா?"

"அது ஆச்சு, ரொம்ப வருஷம்."

"நல்லாப் பாருங்கம்மா. இப்ப வர்ற வழியிலகூட டீ குடிச்சேன்."

"பதிவாகியிருக்குய்யா. நான் என்ன செய்ய? செத்தவர் பேர்ல வீடு கட்ட முடியாது, போங்க."

வெளியே வந்ததும் பூசைமுத்து விம்ம ஆரம்பித்தான். "அண்ணே, அரசாங்கம் பொய் சொல்லுமா?"

"சொல்லாதுடா தம்பி" என்ற உடையப்பன் தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். நாடி அடித்தது. ஆனால் நாடியில் முத்திரை இல்லையே. அதை எப்படி நம்புவது?

கொட்டகை வாசலில் மூன்று பேரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒப்பாரி வைப்பதைக் கேட்டு அழகுநாச்சி பதறி ஓடிவந்தாள். "என்னங்க? யார் செத்தா?"

"நாங்கதான்" என்றான் உடையப்பன். "ரொம்ப வருஷம் ஆச்சாம். நீதான் மனசைத் தேத்திக்கிரணும்."

 அழகுநாச்சி உள்ளே போய், வடித்த சோற்றைத் தம்பி வீட்டுக்காரர்களுக்கு மட்டும் பரிமாறினாள். "மதினி, எங்களுக்கு?" என்று இருளாண்டி எட்டிப் பார்த்தான். "செத்தவனுக்குச் சோறு எதுக்கு? வருஷத் திவசத்துக்கு வாங்க, வடையோட போடுறேன்" என்றாள். பொழுது சாய்வதற்குள் மூவருக்கும் உயிர் திரும்பிவிட்டது. பழைய பேரும் திரும்பிவிட்டது.

அதற்குப் பிறகு அவர்களை எந்த அலுவலகத்துக்கும் அவள் அனுப்பவில்லை. வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், என்ஜினியரின் வரைபடம் என்று எல்லாவற்றுக்கும் தானே அலைந்தாள். ஊராட்சியிலிருந்து அனுமதி வந்தது. வரைபடத்தின் மேலேயே வட்ட முத்திரை குத்திக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். அது வந்த அன்றே அவள் தங்கைக்குப் பரமக்குடியில் பிரசவ வலி எடுத்தது. போகாமல் முடியாது.

வரைபடத்தைப் புருஷன் கையில் கொடுத்தாள். "கொத்தனார் வந்தா இதைக் காட்டுங்க. இதுல உள்ளபடிதான் கட்டணும். ஒரு நூல் கூடுனாலும் குறைஞ்சாலும் வந்து இடிச்சுப்புடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

கொத்தனார் வந்தார். வரைபடத்தைப் பார்த்தார். "முப்பதடிக்குக் கயிறு பிடிங்க" என்றார்.

உடையப்பன் உஷாரானான். காகிதத்தில் இருந்த வீட்டை விரலால் அளந்தான். ஒரு சாணும் கொஞ்சமும் வந்தது. "முப்பதடியா? யாரை ஜெயிலுக்கு அனுப்பப் பாக்குற? இதுல ஒரு சாண் சொச்சம்தான் இருக்கு!"

கொத்தனார் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். "நூல் கூடினாலும் இடிச்சுப்புடுவாங்கய்யா!" என்று இருளாண்டி கத்தினான். கொத்தனார் கரணையைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்றைக்கே எருமையும் கன்று போட்டது. கோட்டைச்சாமி பாயையும் பானையையும் தூக்கித் தெருவில் வைத்தான். இனி தாமதிக்க நேரமில்லை. மூவரும் தாங்களே இறங்கினார்கள்.

செங்கல் தடிமனாக இருந்ததால் பாக்குவெட்டியால் நறுக்கினார்கள். சுவரைக் கோடு மாதிரியே மெல்லிசாக எழுப்பினார்கள். உயரம் எவ்வளவு என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. வரைபடத்தின் ஓரத்தில் முன்பக்கத் தோற்றம் நாலு விரற்கடை உயரத்துக்கு இருப்பதைப் பூசைமுத்து கண்டுபிடித்தான். அவனும் லேசுப்பட்டவன் இல்லை என்று உடையப்பனுக்கு அன்றுதான் தெரிந்தது. வடக்கு என்று காட்டிய அம்புக்குறியையும் சிமெண்டில் கட்டினார்கள். "முத்திரையும் வரைபடத்துலதான இருக்கு?" என்றான் இருளாண்டி. ஆகவே வீட்டின் ஒரு மூலையில் வட்டமாக ஒரு சுவர் எழும்பியது. கையெழுத்தைக் கட்டத்தான் சிரமப்பட்டார்கள். அதிகாரிக்குக் கோழிக்கிறுக்கல்.

பரமக்குடியிலிருந்து அழகுநாச்சி திரும்பி வந்தபோது மனையில் மாவிலைத் தோரணம் ஆடியது. ஊரே கூடி வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. நடுவில், கூரை போடாத அந்த வீடு இருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்து பார்த்தாள்.

உடையப்பன் வெள்ளை வேட்டி கட்டி, நெஞ்சை நிமிர்த்தி நின்றான். வரைபடத்துக்கும் வீட்டுக்கும் ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. எந்த அதிகாரி வந்தாலும் அளந்து பார்க்கட்டும். அவன் ஆயுளில் இவ்வளவு சரியாக எதையும் செய்ததில்லை. "வலது காலை எடுத்து வச்சு உள்ள வா" என்றான்.

அழகுநாச்சி எழுந்தாள். வலது காலைத் தூக்கி வைத்தாள். குதிகால் கூடத்திலும் கட்டைவிரல் அடுப்படியிலும் போய் உட்கார்ந்தன.

"பாத்தீங்களா! மகாலட்சுமி கால் வச்சதும் வீடே நெறைஞ்சிருச்சு!" என்று இருளாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவள் புருஷனைப் பார்த்தாள். "கால் உள்ள வந்துருச்சு. மீதி உடம்பு எங்க இருக்கும்?"

உடையப்பன் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தான்.

"அதுக்குத்தான் புள்ள மேல மாடி எடுக்கப்போறோம். ஆனா அதுக்குத் தனி அனுமதி வாங்கணும். அதுவரைக்கும் காலை அசைக்காம அப்படியே நில்லு."