ஷுகோஷின் ஏன் விட்டது?

பேராசிரியர் ரஹமத்நிசாவின் ஆய்வகத்தில் செண்பகவல்லி பல வருடங்களாக ஒரே ஒரு புரதத்தைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தாள். அதன் பெயர் ஷுகோஷின். ஜப்பானிய மொழியில் காவல் தெய்வம் என்று பொருள்.

பெண்ணின் முட்டைக்குள் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும். நேரம் வந்தால்தான் பிரிய வேண்டும். அதற்கு முன்னால் அந்தப் பிணைப்பை எதுவும் அறுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது ஷுகோஷினின் வேலை. வயது ஏற ஏறப் பிணைப்பு தேயும், காவலும் குறையும். அப்போது ஒரு குரோமோசோம் கூடியோ குறைந்தோ போய்விடலாம். அப்படி உண்டாகும் கரு பெரும்பாலும் தங்காது.

இதைச் செண்பகவல்லி எத்தனையோ கருத்தரங்குகளில் படம் போட்டு விளக்கியிருக்கிறாள். ஒருமுறைகூடக் குரல் தடுமாறியதில்லை.

மூன்றாவது கருவும் கலைந்தபோது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. ஆராய்ச்சிக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டவள். கல்யாணம் ஆன பிறகும், இந்தச் சோதனை முடியட்டும், இந்தக் கட்டுரை வரட்டும் என்று குழந்தையைத் தள்ளிப் போட்டவள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த மாமியார் கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே சொன்னாள்.

"அந்த லேப்ல அடிக்கிற மருந்து வாடைதான் காரணம். நான் அன்னைக்கே சொன்னேன், யாரு கேட்டா?"

கணவன் கதிரேசன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படி இல்லை என்று அவன் சொல்லவில்லை.

கலைந்த கருவின் ஒரு சிறு துணுக்கு, குரோமோசோம் சோதனைக்காக ரஹமத்நிசாவின் ஆய்வகத்துக்குப் போனது. செண்பகவல்லி படுக்கையிலிருந்தே போன் செய்தாள்.

"நானே வந்து பாக்குறேன் மேடம்."

"நீ படுத்திரு. நான் பாக்குறேன்."

உடம்பு ஓரளவு தேறியதும் அவள் ஆய்வகத்துக்குக் கிளம்பினாள். பார்த்துக்கொள்வதற்காகக் கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த அம்மா பேச்சியம்மாள் அவளைத் தனியாக விடவில்லை. பஸ்ஸில் மகளுக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தாள். வெளியே வானம் மூடிக் கிடந்தது. மழையும் வரவில்லை.

ரஹமத்நிசா பேச்சியம்மாளை நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு செண்பகவல்லியிடம் சொன்னார்.

"பதினாறாவது குரோமோசோம். ரெண்டு இருக்க வேண்டிய இடத்துல மூணு."

ஆணா பெண்ணா என்று செண்பகவல்லி கேட்கவில்லை. அதைச் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"முட்டையில கூடினதுதானே மேடம்?"

"பதினாறுன்னா பெரும்பாலும் அப்படித்தான்."

"என்னோட முட்டை."

"ஆமா."

"ஷுகோஷின் ஏன் விட்டுச்சு மேடம்?"

செண்பகவல்லி தான் வழக்கமாக உட்காரும் நாற்காலியைக் காட்டினாள்.

"இங்க உக்காந்து நான் அதைத்தான் பாத்துட்டிருந்தேன். யார் யாரோ கொடுத்த முட்டையில எல்லாம் பாத்தேன். அதே நேரத்துல எனக்குள்ள அது தேஞ்சுட்டே இருந்திருக்கு. முப்பது வயசுல பெத்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

"ஆகுறதுக்கு வாய்ப்பு கம்மிதான்."

"அப்போ என் தப்புதான்."

இல்லை என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்து நின்றாள். அவரோ பேச்சியம்மாள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இவ உங்க வயித்துல அஞ்சு மாசமா இருந்தப்போ நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

பேச்சியம்மாளுக்கு முதலில் புரியவில்லை. பெரிய படிப்புப் படித்தவர் தன்னிடம் எதற்கு இதைக் கேட்கிறார் என்று மகளைப் பார்த்தாள்.

"தீப்பெட்டி ஆபீஸுக்குப் போயிக்கிட்டிருந்தேன் டாக்டரம்மா. மரச்சட்டத்துல குச்சி அடுக்கணும். எந்நேரமும் குனிஞ்ச தலை நிமிர முடியாது."

"மாசமா இருக்கும்போதுமா?"

"போகாம? அந்த வருசம் மழையே இல்ல. இவ அப்பாவுக்குக் காட்டுல வெவசாய வேல கெடையாது. நான் போனாத்தான் அடுப்பு எரியும். குச்சிய மருந்துல முக்குற எடம் பக்கத்துலயே இருந்துச்சு. அந்த வாடைக்குக் கொடலைப் பெரட்டும். சேலையால மூக்கக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். வீட்டுக்கு வந்தா கஞ்சிதான். அதுவும் பாதிநாள் எறங்காது." அவள் ரஹமத்நிசாவை ஏறிட்டாள். "எதுக்குக் கேக்கீக?"

"பொம்பளப் புள்ளைக்கு முட்டை எல்லாம் அவங்கம்மா வயித்துல இருக்கும்போதே உண்டாயிரும். நாங்க சொல்ற அந்தப் பிணைப்பும் அப்பவே போட்டதுதான். அதுக்கப்புறம் புதுசா எதுவும் போடுறதாத் தெரியல."

பேச்சியம்மாள் அதை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"எம் வயித்துல இருக்கும்போதேவா?"

"ஆமா."

"நான் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனப்பமா?"

ரஹமத்நிசா தலையசைத்தார்.

பேச்சியம்மாளின் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"அப்பம் அந்த மருந்து வாடை... ஏட்டி செண்பகம், நான் ஒழுங்காத் திங்காததுனாலயாட்டி? மூணு புள்ளையும் என்னாலதாம் போச்சா?"

"அம்மா!"

செண்பகவல்லி ஓடிப்போய் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அவள் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள்.

"வாடையும் இல்ல, கஞ்சியும் இல்ல. ஏம்மா இப்படியெல்லாம் பேசுற? அந்தப் பிணைப்பு வயசானா எல்லாருக்கும் தேயும். மகாராணியா இருந்தாலும் தேயும். அன்னைக்கு நீ போகலேன்னா வீட்டுல யாரு சாப்பிட்டிருப்பா? உனக்கு முன்னால இருந்த வேலையை நீ செஞ்ச. உள்ள என்ன நடக்குதுன்னு யார் கண்ணுக்காவது தெரியுமா? உன்மேல ஒரு தப்பும் இல்ல."

"நெசமாவா?"

"நெசமாத்தாம்மா. நான் இதைத்தானே படிச்சிருக்கேன்?"

"எம் மேல சத்தியமா?"

"உன் மேல சத்தியமா."

பேச்சியம்மாள் அழுதாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. செண்பகவல்லி அவளுடைய சேலைத் தலைப்பை எடுத்து அவள் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஈரம் வந்துகொண்டே இருந்தது.

ரஹமத்நிசா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பேச்சியம்மாள் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"செண்பகம்."

"மேடம்."

"இப்போ சொன்னியே, அதை இன்னொரு தடவை சொல்லு."

"அம்மாவுக்குக் கேட்டுச்சு மேடம்."

"அம்மாவுக்கு இல்ல."

செண்பகவல்லி மறுப்பாகத் தலையை ஆட்டினாள்.

"அது வேற மேடம். அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. தெரிஞ்சேதான் தள்ளிப்போட்டேன்."

"சரி. அவங்களுக்கும் தெரிஞ்சிருந்துச்சுன்னே வெச்சுக்கோ," என்றார் ரஹமத்நிசா. "தெரிஞ்சேதான் வேலைக்குப் போனாங்க. அப்பவும் நீ அவங்க முகத்தைத் துடைச்சிருக்க மாட்டியா?"

செண்பகவல்லி அம்மாவைப் பார்த்தாள். சேலைத் தலைப்பு இன்னும் இவள் கையில்தான் இருந்தது.