இருநூறு தாள், ஒரு பயம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. இந்தக் காலத்து ஆட்கள் மரியாதையாக நடத்தினால்தான் வேலையில் நிற்பார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டுவிட்டு வந்த முதலாளி சென்னியப்பன், தொழிலாளர் இருநூறு பேருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். "முதலாளியிடம் மனம்விட்டுப் பேசப் பயமா? பெயர் எழுத வேண்டாம்." நூற்றுத் தொண்ணூற்றொன்பது தாளில் "பயமில்லை" என்றிருந்தது. ஒன்றில் மட்டும் "பயம்".

முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆபீஸ் கூட்டும் பூவாத்தாளைக் கூப்பிட்டார். அவளுக்கு யாரும் தாளே கொடுத்திருக்கவில்லை.

"எல்லாரையும் தெரிஞ்சவ நீதான். சாப்பாட்டு மணிக்குள்ள அந்த ஆளைக் கண்டுபிடி. இல்லீன்னா உன்னை வேலைய விட்டுத் தூக்கிருவேன்."

பூவாத்தாள் கம்பெனி மைக்கை எடுத்தாள். "பயமில்லைன்னு எழுதினவங்க ஆபீஸுக்கு வந்து, முதலாளிகிட்ட ஒரே ஒரு குறை சொல்லிட்டுப் போங்க!"

மணி அடித்தது. ஒரு ஈ காக்காகூட வரவில்லை.

"ஒருத்தரைக் கேட்டீங்க, இருநூறு பேரையும் கண்டுபிடிச்சுட்டனுங்க. அந்த ஒருத்தருக்குத்தான் பயம் கொஞ்சம் கம்மி. எழுதியாவது போட்டாரு" என்றாள்.

முதலாளி பக்கத்தில் நின்ற மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். "ஏய்யா, நான் என்ன அவ்வளவு மோசமான ஆளா?"

"ஐயோ, இல்லவே இல்லீங்க!" மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டார்.

"இருநூத்தி ஒண்ணுங்க" என்றாள் பூவாத்தாள்.