இஸ்ரவேல் ஊத்தின சாம்பார்

ஒரு ஊர்ல ஒரு சமையக்காரம்மா இருந்தா. ஊரு பேரு கருவேலவிளை, அவ பேரு ஞானவடிவு. அந்த ஊர்க் கோயில்ல, அதான் ஏசுசாமி கோயில்ல, வருஷத்துக்கு ஒரு தடவ அசனம் நடக்கும். அசனம்னா, வீட்டுக்கு வீடு அரிசி பருப்பு வாங்கி, ஒரே அடுப்புல பொங்கி, ஊரே ஒண்ணா உக்காந்து சாப்பிடுறது. ம் சொல்லு. அந்தச் சமையலுக்கு ஞானவடிவுதான் தலைவி.

அவளுக்குச் சுத்தம்னா உயிரு. குளிக்காதவன் அண்டாகிட்ட வரக்கூடாது. நகம் வெட்டாதவ காய் நறுக்கக்கூடாது. "சுத்தம் இல்லாதவங்களுக்குச் சாமி வீட்டுல என்ன வேலை?"ன்னு கேப்பா. அதச் சொல்றதுல அவளுக்கு ஒரு பெருமை.

அந்த வருஷம் அசனத்துக்கு இஸ்ரவேல் வந்தான். அதே ஊர்க்காரன், கிணறு வெட்டுறவன். பெருவியாதி, அதான் தொழுநோய், வந்து, பட்டணத்து ஆஸ்பத்திரியில ஒரு வருஷம் மாத்திர சாப்பிட்டு, நல்லா ஆயிட்டு வந்திருந்தான். இனிமே யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லி அனுப்பிட்டாரு. ஆனா இடது கை விரல் மட்டும் மடங்கினது மடங்கினபடி நின்னு போச்சு.

மணி டங் டங்னு அடிச்சுது. அப்புறம் சனமெல்லாம் பந்தியில உக்காந்துது. இஸ்ரவேல் முதல் வரிசையில உக்காந்தான். கோயில் கமிட்டிப் பெரியவர் ஆசீர்வாதம் வந்தாரு. "இது கமிட்டிக்காரங்க எடம், பின்னால போப்பா"ன்னாரு. எந்திரிச்சுப் போனான். அப்புறம் நடு வரிசையில உக்காந்தான். "இங்க பிள்ளைங்க இருக்காங்கல்லா, தள்ளிப் போ." போனான். அப்புறம் கடைசி வரிசை, கடைசி எலை. அங்கயும் வந்தாரு மனுஷன். "வெளிய வேப்பமரத்தடியில இரு. சோறு அங்க குடுத்து விடுறோம்."

இஸ்ரவேல் தன் எலைய மடிச்சு எடுத்துக்கிட்டு நடந்தான். பாரேன் அநியாயத்த. அவன் வீட்டு அரிசியும் அந்த அண்டாவுலதான் களக் களக்னு கொதிச்சுது. அரிசி மட்டும் உள்ள வரலாமாம், ஆளு வரக்கூடாதாம். கேக்கறியா, ம்?

அப்போ ஞானவடிவு கையில கரண்டியோட ஓடி வந்தா. "அண்ணாச்சி, அவன எதுக்கு எழுப்புறீங்க?"

"நீ சொன்னதத்தான் செய்யறேன் தாயி. சுத்தம் இல்லாதவங்களுக்குச் சாமி வீட்டுல என்ன வேலைன்னு நீதானே கேப்ப?"

அவளுக்குச் சுருக்குனு குத்துச்சு. அவர் மேல கோவம். அவரவிட தன் மேலயே கோவம். ஆசையா சொல்லிக்கிட்டிருந்த வார்த்த, இன்னைக்கு ஒருத்தனக் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுதே. யாரும் தொடாத பெருவியாதிக்காரர ஏசுசாமி கை நீட்டித் தொட்டாருல்ல? அந்தக் கதையச் சின்ன வயசுல இருந்து கேட்டும், அவ மனசுல ஏறினது சுத்தம் மட்டும்தான். அன்பு ஏறல.

"நான் சொன்னது தப்பு அண்ணாச்சி"ன்னா. "ஒருத்தன வெளிய தள்ளுற சுத்தம் எனக்கு வேண்டாம். இஸ்ரவேலு, இங்க வா. இந்தச் சாம்பார் வாளியப் புடி. நீதான் ஊத்தணும்."

"வேண்டாம்க்கா..."

"புடி"ன்னா. மடங்கின விரல்ல துணியச் சுத்தி, அவளே வாளிய மாட்டி விட்டா.

"அப்போ நான் சாப்பிடல"ன்னு ஆசீர்வாதம் வேட்டிய உதறிட்டு விடுவிடுன்னு போயிட்டாரு. பின்னாலயே நாலு பேர் போனாங்க. மிச்ச சனம் எலையப் பாத்துக்கிட்டு இருந்துது. ஒருத்தரும் ஊத்துன்னு சொல்லல. அப்போ ஆசீர்வாதத்தோட சம்சாரம் ரூத்தம்மா, சோத்துல குழி பண்ணி, "இங்க ஊத்து தம்பி"ன்னா. சொளசொளன்னு ஊத்தினான். அவ பெசஞ்சு ஒரு வாய் சாப்பிட்டா. அப்புறம் பக்கத்து எலை. அப்புறம் அதுக்கடுத்த எலை.

சாயங்காலம் ஆச்சு. அசனத்தன்னைக்கு எந்த வீட்டுலயும் அடுப்பு பத்த வைக்கமாட்டாங்க. ஆசீர்வாதம் வயிறு கடமுடன்னு கத்த, மெதுவா பந்திக்குத் திரும்பி வந்து ஒரு ஓரமா உக்காந்தாரு. நாலு கேள்வி நறுக்குனு கேக்கணும்னு ஞானவடிவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துது. அதுக்குள்ள இஸ்ரவேல் எலை போட்டு, சோறு வச்சு, சாம்பார் ஊத்தி, "போதுமா அண்ணாச்சி?"ன்னு கேட்டான்.

"இன்னும் கொஞ்சம்"னாரு அவரு, தலைய நிமித்தாம.

ஞானவடிவுக்குக் கோவம் இன்னும் ஆறல. இருந்தாலும் போயி ஒரு அப்பளம் வச்சா.

அம்புட்டுத்தான் கதை. கண்ண மூடு, தூங்கு.