தேனீயின் இறக்கையும் தாண்டவராயரின் ஆயிரத்தெட்டும்

முன்னொரு காலத்தில் இலுப்பைநாட்டைச் செண்பகவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் ஒரு பிடிவாதம். தினமும் மதியம் சபையில் ஒரு கேள்வி கேட்பார். பதில் வந்தால்தான் பந்தியில் இலை விழும்.

பசிவேளையில் யார் யோசிப்பது? ஆஸ்தானக் கணிதர் தாண்டவராயர் எந்தக் கேள்விக்கும் "ஆயிரத்தெட்டு" என்பார். குளத்தில் எத்தனை தவளை? ஆயிரத்தெட்டு. யானை ஒரு நாளில் எத்தனை தரம் காதை ஆட்டும்? அதுவும் ஆயிரத்தெட்டுதான். மங்கலமான எண் என்று ராஜாவுக்குச் சந்தோஷம், சோறு கிடைத்ததென்று சபைக்குச் சந்தோஷம்.

ஒருநாள் ஒரு தேனீ ராஜாவின் மூக்கைச் சுற்றிச் சுற்றி வந்தது. ராஜா அதன் இறக்கையைப் பார்க்க முயன்று மாறுகண்ணானதுதான் மிச்சம்.

"அடியில் ஓட்டை போட்ட சின்ன வட்டில் தண்ணீரில் மூழ்க ஒரு விநாழிகை ஆகிறதே, அதற்குள் இந்தத் தேனீ எத்தனை தரம் இறக்கை அடிக்கும்?"

"ஆயிரத்தெட்டு, அரசே" என்றார் தாண்டவராயர். பாதி சபை கை கழுவக் கிளம்பிவிட்டது.

பந்திக்கு மோர்ப்பானை கொண்டுவந்திருந்த குயவர் வீட்டு வெள்ளச்சி, அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

"என்னம்மா சிரிப்பு?" என்றார் ராஜா.

"தப்பா நெனைக்காதீங்க ராசா. அவ்வளவு மெதுவா அடிச்சா தேனீ பறக்காது, மோர்ல விழும்."

தாண்டவராயருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "மண் பிசைகிறவளுக்குக் கணிதம் தெரியுமோ? சாயங்காலத்துக்குள் நிரூபிக்கட்டும். இல்லையென்றால் இவள் சக்கரத்தைப் பிளந்து ரசம் கொதிக்க வைப்போம்."

அந்தச் சக்கரம் அரண்மனை அடுப்பில் எரிந்தால் வெள்ளச்சி வீட்டு அடுப்பு எரியாது. ஆனாலும் வாயை விட்டாயிற்று.

"சரி சாமி. சக்கரத்தைக் கொண்டாறேன். சுருதி பார்க்க மத்தளக்காரர் மட்டும் கூட இருக்கணும்."

"அதுவரை பந்தி?" என்று யாரோ ஈனசுரத்தில் கேட்டார்கள். "கிடையாது" என்றார் ராஜா.

வெள்ளச்சி சக்கரத்தின் விளிம்பில் களிமண் அப்பி, சம இடைவெளியில் அறுபது மூங்கில் குச்சி செருகினாள். ஒரு குச்சி மட்டும் நீளம். சக்கரம் ஒரு சுற்று வரும்போதெல்லாம் அது வெண்கலத் தட்டில் டங்கென்று இடிக்கும். எல்லாக் குச்சியும் உரசும்படி ஓர் ஓலையைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். முதலில் கடகடவென்றது. வேகம் ஏற ஏறக் கடகட போய், ஒரே ரீங்காரமானது.

"குச்சி ஓலையில அடிக்கிற வேகம் கூடக் கூட சத்தம் ஏறுது, பாருங்க. தேனீ இறக்கையும் காத்துல அப்படித்தான் அடிக்குது. ரெண்டு சுருதியும் ஒண்ணாயிட்டா, அடியும் ஒண்ணுதான்."

"ஏமாற்று வேலை" என்றார் தாண்டவராயர்.

"அப்ப முதல்ல சாமியோட ஆயிரத்தெட்டைக் கேப்போம்." சுற்றுக்கு அறுபது அடி வீதம், வட்டில் மூழ்குவதற்குள் ஏறக்குறைய பதினேழு சுற்று வரும்படி மெதுவாகச் சுற்றினாள். கொர்ர்ர் என்றது.

ராஜா காதைத் தீட்டினார். "இது தேனீ இல்லையே. சாப்பிட்ட பிறகு தூணோரம் கேட்கும் சத்தமல்லவா?" சபையே திரும்பித் தாண்டவராயரின் தூணைப் பார்த்தது.

பிறகு தேனீயை ஒரு பானையில் விட்டுத் துணி கட்டினார்கள். மத்தளக்காரர் ஒரு காதைப் பானையிலும் மறு காதைச் சக்கரத்தின் பக்கமும் வைத்து, "இன்னும் ஏத்து, இன்னும், கொஞ்சம் இறக்கு, நிறுத்து, அதுதான்" என்றார். வட்டிலை மிதக்கவிட்டார்கள். டங், டங் என்று தட்டு ஒலிக்க, மத்தளக்காரர் எட்டெட்டாகத் தாளம் போட்டு எண்ணினார். வட்டில் மூழ்கியபோது தொண்ணூற்றாறு.

"தொண்ணூற்றாறு சுற்று, சுற்றுக்கு அறுபது அடி" என்று ராஜா விரலை மடக்கினார். "ஐயாயிரத்து எழுநூற்று அறுபது!"

"ஒரு சுத்து முன்னப்பின்ன இருக்கும் ராசா" என்றாள் வெள்ளச்சி.

ராஜாவுக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. தம் தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்துச் சக்கரத்துக்கே போர்த்தினார். "இனி இந்தச் சக்கரத்தை யாரும் தொடக் கூடாது. தாண்டவராயரே, உம்முடைய ஆயிரத்தெட்டு வீணாகக் கூடாது. இரண்டு கையையும் இறக்கையாக்கி அத்தனை தரம் அடியும். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே எண்ணுகிறோம்."

பாயசம் வரும்போது முந்நூற்றுப் பன்னிரண்டு ஆகியிருந்தது. வெற்றிலை போட்டு முடித்தபோதுதான் ஆயிரத்தெட்டு வந்தது.

மறுநாள் மதியம் ராஜா கேட்டார், "வானத்தில் நட்சத்திரம் எத்தனை?"

எல்லாரும் வழக்கப்படி தாண்டவராயரைப் பார்த்தார்கள். அவர் கும்பிடப் பார்த்தார், கை எழும்பவில்லை.

"தெரியாது, அரசே."

சபைக்கு வயிறு காய்ந்தது.

"இத்தனை வருஷத்தில் நீர் சொன்ன முதல் சரியான பதில்" என்றார் ராஜா. "இலை போடுங்கள்."