பானை சொல்லாமல் விட்ட பேர்

அந்தக் காலத்தில் கடலுக்கும் வாய் இருந்தது, கடலுக்குள் கிடந்த சட்டி பானைக்கும் வாய் இருந்தது. மீனும் நண்டும் மனிதரோடு வழக்காடிக்கொண்டிருந்த காலம் அது.

அப்போது பாசி எடுக்க மூழ்கும் பெண் ஒருத்தி இருந்தாள். கடல் ஓர் ஊரை விழுங்கிய நாளில், ஓலைப்பெட்டியில் மிதந்து வந்து கரையில் ஒதுங்கிய பிள்ளை. அதனால் ஒதுங்கி என்றே கூப்பிட்டார்கள். பெற்றவளின் பேர் அவளுக்குத் தெரியாது.

ஒதுங்கிக்குப் பெண் பிறந்தது. அந்தக் கரையில் தலைப்பெண்ணுக்கு அம்மாவைப் பெற்றவளின் பேரைத்தான் விடுவார்கள். மூன்றாம் மாத வளர்பிறையில் பிள்ளையின் காதில் மூன்று தடவை சொல்ல வேண்டும்.

"என்ன பேரு விடப்போறே? ஓலைப்பெட்டின்னா?" என்றாள் மாமியார். கிண்டலாகச் சொன்னதுதான். ஒதுங்கிக்கு அழுகை வந்தது.

கடலுக்குள் அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது என்று, மூழ்கிப் போய் அழுதாள். எட்டுக் கை பேய்க்கணவாய் பார்த்துவிட்டது. அப்போதெல்லாம் அதற்கு ஒளியத் தெரியாது. வெள்ளந்திப் பிராணி.

"ஏன் தாயி, இங்க இருக்கிற உப்பு பத்தாதா?"

அவள் சொன்னாள். கணவாய் அவள் கையைப் பிடித்து, மூழ்கிப்போன தெருவுக்குக் கூட்டிப்போனது. அங்கே ஒரு வாசற்படி, ஓர் அடுப்பு, ஓர் அம்மி, அம்மியை ஒட்டி ஒரு பானை.

"உன் வீடு. பானையைக் கேளு."

பானை பேசியது. ஆனால் பானைக்கு அவசரம் தெரியாது. "விடிஞ்சதும் அவ அடுப்பு மூட்டுவா" என்று ஆரம்பித்து, குழம்பு கொதித்து, மகளைத் தூங்கவைத்து, கடல் வாசற்படி ஏறும்வரை வருவதற்குள் ஒதுங்கிக்கு மூச்சு முட்டிவிடும். மேலே போய்த் திரும்பினால், மறுபடி அடுப்பு மூட்டுவதிலிருந்து தொடங்கும். இப்படியே நாட்கள் போயின.

அவள் புருஷன் முத்திருளன் ஒன்றுதான் கேட்டான். "அந்த இடத்துக்குக் கணியம் பிடிச்சியா?"

கரையில் தெரியும் பனையையும் மேட்டையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்து, கடலில் இடத்தை மனசில் குறித்துக்கொள்வதுதான் கணியம்.

"எதுக்கு? கணவாய்தான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவுதே."

பேர் விட இரண்டு நாள் இருக்கையில் பானை சொன்னது: "கடல் படியேறவும் பெட்டியில பிள்ளையப் போட்டா. தன் பேரச் சொல்லி, அம்மாவ மறந்துராதேன்னா. அவ பேரு..."

மூச்சு தீர்ந்தது. ஒதுங்கி பானையைத் தூக்கினாள்.

"எடுக்காதே தாயி" என்று கணவாய் எட்டுக் கையாலும் பானையைக் கட்டிப்பிடித்தது. "அது தனியாப் பேசல. அடுப்பும் அம்மியும் படியும் சேந்துதான் பேசுது."

"கரையில வச்சு நிதானமாக் கேட்டுட்டுத் தந்துர்றேன்."

அவள் இழுத்தாள். கணவாயும் இழுத்தது. பானை உடைந்துவிடுமோ என்று கணவாய்தான் முதலில் கையை விட்டது.

கரையில் ஊரே சுற்றி நின்றது. பானையைத் துடைத்தார்கள், காதை வைத்துப் பார்த்தார்கள், பிள்ளையின் அழுகையைக் கேட்க வைத்தார்கள். உள்ளே இருந்த கடல் நீர் வற்றியது. பானை வெறும் பானையாக இருந்தது.

ஒதுங்கி அதை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள்.

"எந்தக் கணியத்துல எடுத்தே?" என்று தோணியைத் தள்ளியபடியே கேட்டான் முத்திருளன்.

அவள் பானையோடு தோணியில் ஏறினாள்.

விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மூழ்கினாள். எங்கும் மணல். "கணவாயே, கையக் கொடு" என்று கூப்பிட்டாள். அவள் தொட்டுக் கடந்த கல் ஒன்று கல்லே இல்லை. கணவாய்தான் அப்படிச் சுருண்டு கிடந்தது. கடைசியில் ஏதோ ஓரிடத்தில் பானையை இறக்கிவைத்தாள். அங்கே அடுப்பும் இல்லை, அம்மியும் இல்லை. பானை அதன்பிறகு பேசவில்லை.

மறுநாள் தொட்டிலுக்குக் குனிந்தவள் வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. வேறு பேர் விடவும் அவளுக்கு மனசில்லை. அந்தப் பெண்ணைத் தலை நரைத்த பிறகும் ஊரார் பாப்பா என்றே கூப்பிட்டார்கள்.

அன்று முதல்தான் பேய்க்கணவாய் கடலடியில் கிடக்கும் பானைக்குள் போய் உட்கார்ந்து, கல்லையும் சிப்பியையும் வாசலுக்கு இழுத்து வைத்துக்கொள்கிறது. மனித நிழல் பட்டதும் கல்லோடு கல்லாக நிறம் மாறிவிடுகிறது. எடுக்கப்போனால் எட்டுக் கையாலும் பானையைப் பிடித்துக்கொண்டு, இன்றுவரை முதலில் விடுவதில்லை.