புடலங்காய்க்குக் கட்டிய கல்

புத்தி இரவலுக்குக்கூடக் கிடைக்காத ஊர் ஒன்று உண்டு. அங்கே கோமதிநாயகமும் அவர் தம்பிமார் பூதத்தானும் சங்கிலியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அந்த வீட்டின் மொத்த மூளையும் கோமதிநாயகத்தின் மனைவி ஆவுடையம்மாளிடம் இருந்தது. அக்கினி நட்சத்திர வெயிலில், தங்கை பிரசவத்துக்காக அந்த மூளை எட்டு நாள் ஊருக்குப் போனது.

போகுமுன் கொல்லைத் தோட்டத்தில் மூவரையும் நிறுத்திச் சொன்னாள்: "தண்ணிய இலையில ஊத்தாதீங்க, வேர்ல ஊத்துங்க. புழுவைக் கண்டா சோப்புத் தண்ணியில போடுங்க. புடலங்காய் வளைஞ்சா நுனியில கல்லைக் கட்டுங்க, நேராயிரும். நான் வரும்போது தோட்டம் பட்டுக் கெடந்துதோ, அதே பஸ்ல எங்க அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போயிருவேன்."

கோமதிநாயகம் மூன்று தடவை தலையாட்டினார். அவள்மேல் அவருக்கு உயிர். அவள் போய்விட்டால் ஆயுசுக்கும் சங்கிலியின் சமையல்தான் என்ற பயம் அதைவிடப் பெரிது.

மறுநாள் காலை குடத்தோடு நின்றார்கள்.

"வேர் எங்கலே இருக்கு?"

"மண்ணுக்குள்ள, அண்ணே."

"அப்ப மண்ணுல ஊத்துனா அது மண்ணுக்குல்லா போவும்? வேருக்கு எப்படிப் போவும்?"

கத்தரி, தக்காளி, வெண்டை எல்லாவற்றையும் பிடுங்கி, வேரைக் குளிரக் குளிர நனைத்து, திரும்ப நட்டார்கள். தினம் இரண்டு வேளை. செடிகள் தலையைத் தொங்கப்போட்டன. மரியாதை தெரிந்த செடிகள் என்றான் பூதத்தான்.

புழுக்களையும் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டார்கள். "சோப்பை அலசாம விட்டா தோல் வறண்டுரும்" என்று சங்கிலி பதறினான். உடனே எடுத்து அலசி, துண்டால் ஒற்றி, அதே இலையில் விட்டார்கள். குளித்தால் பசிக்கத்தானே செய்யும்? இலை ஒன்று மிச்சமில்லை.

புடலங்காய் மட்டும் கல் கட்டியதும் கம்பியாக நின்றது. அந்த ஒரு வெற்றியில் மூவருக்கும் தலைகால் புரியவில்லை. கல்லைக் கட்டினால் எதுவும் சொன்னபடி கேட்கும் என்று முடிவுகட்டி, பந்தலில் தொங்கிய அவரை, பாகல், பீர்க்கு அத்தனைக்கும் கட்டினார்கள். ஏழாம் நாள் பந்தல் பொத்தென்று விழுந்தது. நல்லவேளையாகப் புழுக்கள் முந்தின நாளே முருங்கைக்குக் குடிபோயிருந்தன.

எட்டாம் நாள் கோமதிநாயகம் வாய்விட்டு அழுதார். "அதே பஸ்ல போயிருவாளேலே!"

"பஸ் நின்னாத்தான மதினியும் நிப்பா?" என்றான் சங்கிலி.

"பஸ் சொன்னபடி கேக்கணும்னா?"

"கல்லைக் கட்டணும்!"

இருந்த கல்லெல்லாம் பந்தலுக்கடியில் கிடந்ததால், அடுக்களையிலிருந்து அம்மியைத் தூக்கிப்போய், பஸ் வந்து நின்றதும் பின் ஏணியில் கயிறு போட்டுக் கட்டினார்கள். ஆவுடையம்மாள் முன்வாசல் வழியாக இறங்கினாள். விசில் கேட்டது. பஸ் திரும்பிப் புறப்பட, அம்மியும் தடதடவென்று பின்னாலேயே கிளம்பியது.

"ஏ, நிறுத்து! எங்க அம்மா சீதனமாக் குடுத்த அம்மி!" பையைப் போட்டுவிட்டு விரட்டிய ஆவுடையம்மாள், ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறியே விட்டாள்.

புழுதி அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்ற கோமதிநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தோட்டத்தை எட்டிக்கூடப் பாக்கல. பட்டுப்போச்சுன்னு இறங்குன எடத்துலயே கண்டுபிடிச்சிட்டா! என்னா மூளைலே அவளுக்கு!"