பழகும் வரை

"பெட்டை சரியில்லம்மா," என்றார் சபாநாயகம்.

கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். உள்ளே கையகல மீன் ஒன்று ஒருக்களித்து மிதந்தது. வால் கந்தலாகியிருந்தது. ஒரு கண் இருந்த இடத்தில் பஞ்சு போல ஏதோ வெளுத்திருந்தது.

அமலோற்பவம் குனிந்து பார்த்தார்.

"போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க."

"அது பயந்தாங்கொள்ளிம்மா. அசையாமக் கிடந்தே செத்துது. இது திமிர் பிடிச்சது. எதிர்த்து நின்னுது. அவனுக்குக் கோவம் வந்துடுச்சு."

அவன் என்று அவர் சொன்னது தன் ஆண் மீனை. ஃபிளவர்ஹார்ன் ஜாதி. நெற்றியில் எலுமிச்சம்பழம் போலப் புடைப்பு, மார்பெல்லாம் சிவப்பு. சபாநாயகத்துக்குப் பெரம்பூரில் பாத்திரக் கடை. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று வாங்கிய மீன். தொட்டிப் பக்கம் யார் போனாலும் பாய்ந்து வந்து கண்ணாடியில் முட்டும். விருந்தாளிகள் ஓரடி பின்வாங்குவார்கள்.

"கோவக்காரன்," என்று சிரிப்பார் சபாநாயகம். அதில் அவருக்கு ஒரு பெருமை. அவன் வாரிசு ஒன்றாவது வேண்டும் என்றுதான் அமலோற்பவத்திடம் வந்து சேர்ந்தார்.

அமலோற்பவம் கொளத்தூரில், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு மீன் வளர்ப்பவர். ஒன்றையொன்று கொல்லும் மீன்களை ஜோடி சேர்த்துக் குஞ்சு எடுப்பதில் அந்த வட்டாரத்தில் அவர்தான் என்பார்கள். கற்றுக்கொள்ள வருகிறவர்களை அவர் விரட்டுவதில்லை. ஆனால் கேள்வி கேட்டால் பதில் கிடைக்காது. வேலை கிடைக்கும்.

சபாநாயகம் அவரைவிட வயதில் நன்றாகவே மூத்தவர். அதற்காக வேலை குறையவில்லை. மழைக்காலம் முடிந்ததிலிருந்து ஞாயிறுதோறும் வந்து தொட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"சாகறதுக்கு முன்னாடி எங்க நின்னுது?" என்று கேட்டார் அமலோற்பவம்.

"மேல் மூலையில. ஃபில்டர் குழாயோட ஒட்டிக்கிட்டு, வாயை மட்டும் தண்ணிக்கு மேல நீட்டிக்கிட்டு."

"எத்தனை நாள்?"

"ரெண்டு மூணு நாள் இருக்கும்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"பார்த்துக்கிட்டேதாம்மா இருந்தேன். அவனுக்குத் தீனி கொஞ்சம் சேர்த்துப் போட்டேன். வயிறு நிறைஞ்சா கோவம் தணியும்னு."

"அதுக்கு?"

"எதுக்கு?"

"பெட்டைக்கு."

சபாநாயகம் யோசித்தார்.

"அது சாப்பிட வரலையேம்மா," என்றார்.

அமலோற்பவம் மீனைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனார். முருங்கை மரத்தடியில் குழி பறித்துப் போட்டு மூடினார். மண்ணைக் காலால் அமுக்கிவிட்டு வந்தார்.

"அடுத்த வாரம் அவனைக் கொண்டு வாங்க."

"அவனை எதுக்கும்மா? அவன்கிட்ட ஒரு குறையும் இல்லையே."

"கொண்டு வாங்க, சார்."



அடுத்த ஞாயிறு மூடி போட்ட வாளியில் அவனைக் கொண்டு வந்தார். வழியெல்லாம் வாளியின் சுவரில் முட்டிக்கொண்டே வந்தான்.

அமலோற்பவம் ஒரு நீளத் தொட்டியைத் தயாராக வைத்திருந்தார். நடுவில் கண்ணாடித் தடுப்பு. வலப் பக்கம் ஒரு பெட்டை, அதன் பக்கத்தில் முட்டையிட ஒரு ஓட்டுத் துண்டு. அவனை இடப் பக்கம் விட்டார்.

அவன் ஒரு சுற்றுச் சுற்றினான். பெட்டையைப் பார்த்தான். பாய்ந்து போய்த் தடுப்பில் மோதினான். மறுபடி மோதினான். பெட்டை ஓட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

"எப்பம்மா இந்தக் கண்ணாடியை எடுக்கறது?"

"பார்க்கணும்."

"எதை?"

"அவன் மோதறதை நிறுத்தறானான்னு."

"நிறுத்தலைன்னா?"

"கண்ணாடி இருக்கும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"இருக்கும்."

"அப்ப குஞ்சு?"

"கிடையாது."

சபாநாயகத்துக்கு அது பிடிக்கவில்லை.

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? ஜோடின்னு போட்டாச்சு. முதல்ல கொஞ்சம் அடிச்சுக்கும், கடிச்சுக்கும். அப்புறம் தானாச் சேர்ந்துக்கும். ஊர் உலகத்துல நடக்காததா?"

அமலோற்பவம் ரப்பர் குழாயை அவர் கையில் கொடுத்தார்.

"அந்தப் பக்கத் தொட்டியில அடி அழுக்கை எடுங்க."

சபாநாயகம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித் தண்ணீரை இறக்கிவிட்டார். முழங்கை வரை நனைந்து வேலை செய்துகொண்டிருந்தபோது பைக்குள் போன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்து ஸ்பீக்கரில் போட்டுப் பலகை மேல் வைத்தார்.

"அப்பா, வேலையா இருக்கீங்களா?"

"சொல்லும்மா."

"ஒன்னுமில்லப்பா. சும்மாதான்."

காற்று மோட்டார்களின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"மாப்பிள்ளை ஏதாவது சொன்னாரா?"

"நேத்து அவரு கூப்பிட்டது எனக்குக் கேக்கலப்பா. அதுக்குத்தான்."

"கூப்பிட்டா உடனே போகணும்மா."

"கேக்கலப்பா."

"அவரு கோவம் எல்லாம் ஒரு நிமிஷம். நீ எதிர்த்துப் பேசாம இரு. குழந்தை ஒன்னு ஆயிட்டா எல்லாம் சரியாயிடும். பழகிடும்மா."

"சரிப்பா."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

போன் அணைந்தது.

கொட்டகை சின்னது. அமலோற்பவம் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். எதையாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது சபாநாயகத்துக்கு.

"என் மக, ஹேமலதா. ஆவடியில கொடுத்திருக்கோம். மாப்பிள்ளை தங்கமானவரு. கொஞ்சம் கோவக்காரர், அவ்வளவுதான். ஆடியில சண்டை போட்டுக்கிட்டு வந்து நின்னா. காதுல ரத்தம். பதறிட்டோம். ரெண்டு வாரம் வச்சிருந்து, நானே கொண்டு போய் விட்டுட்டு வந்தேன். அவங்க வீட்டுலயும் ஒன்னும் மனசுல வச்சுக்கல. காபி எல்லாம் கொடுத்தாங்க."

பெட்டை ஓட்டுக்குப் பின்னாலேயே நின்றது. அவன் இன்னும் தடுப்பில் மோதிக்கொண்டிருந்தான்.

"வாட்சைக் கழட்டுங்க, சார்."

"எதுக்கும்மா?"

"கழட்டிட்டு, அவன் இருக்கற பக்கம் கையை விடுங்க."

சபாநாயகம் சிரித்தார். "என் கையால தின்னு வளர்ந்தவன்," என்று சொல்லிக்கொண்டே கையை இறக்கினார்.

அவன் தடுப்பை விட்டுத் திரும்பினான். வந்த வேகம் தெரியவில்லை. விரல் நுனியில் சுரீரென்றது. சபாநாயகம் கையை வெளியே இழுத்துக்கொண்டார்.

"எடுக்காதீங்க," என்றார் அமலோற்பவம்.

"கடிக்குதும்மா."

"பழகிடும்."

அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. சபாநாயகம் மறுபடி கையை விட்டார். இந்த முறை கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், சதையில். அவன் கவ்விக்கொண்டு உதறினான். தண்ணீரில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று எழுந்து கலைந்தது.

"அசைக்காம வைங்க. அசைச்சா அவனுக்குக் கோவம் வரும்."

அசைக்காமல் வைத்தார். அவன் பின்வாங்கினான். நெற்றிப் புடைப்பு முன்னால் தெரிய, மறுபடி வந்தான். பிறகு மறுபடி. அசையாத கையைத்தான் இன்னும் நிதானமாகக் கடித்தான்.

"எவ்வளவு நேரம்மா வைக்கறது?"

"அது பழகற வரைக்கும்."

சபாநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கடையில் நாள் முழுக்க பித்தளையும் எவர்சில்வரும் தூக்கிய கை. அதற்கும் தாங்கவில்லை. கடைசியில் உருவி எடுத்து மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அது பழகாதும்மா," என்றார்.

சொல்லிவிட்டு, பலகை மேல் கிடந்த போனைப் பார்த்தார்.

அமலோற்பவம் கொடியில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். கீழே கிடந்த ரப்பர் குழாயைத் தானே எடுத்துக்கொண்டு, அவர் விட்ட இடத்திலிருந்து அடி அழுக்கை உறிஞ்ச ஆரம்பித்தார்.

சபாநாயகம் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, போனை எடுத்துப் பையில் போட்டார்.

"நான் ஒரு இடத்துக்குப் போகணும்மா."

"போய்ட்டு வாங்க."

"இவன்?"

"இங்கயே இருக்கட்டும்."

மகளைப் பற்றி அமலோற்பவம் அன்றும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.



ஆவடிக்குப் போகும் வழியில், பாடி தாண்டி அம்பத்தூர் வரும் வரை ஸ்கூட்டரின் கைப்பிடியைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. ஒரு சிக்னலில் நின்றபோது ஆடியில் ஹேமாவைக் காட்டிய காது டாக்டர் ஞாபகத்துக்கு வந்தார். இரண்டு வாரம் கழித்து மறுபடி கூட்டி வாருங்கள், சோதனை செய்து பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். அந்த நாளில்தான் நல்ல நேரம் பார்த்து ஹேமாவை ஆவடியில் கொண்டு போய் விட்டது.

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. பச்சை விழுந்து நேரமாகியிருந்தது.

மாப்பிள்ளை கூடத்தில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாமா. ஒரு போன் கூடப் பண்ணாம வந்திருக்கீங்க."

"இந்தப் பக்கம் வந்தேன்."

"உக்காருங்க."

ஹேமா தண்ணீர் கொண்டு வந்தாள். வெயில் காலத்தில் முழுக்கை வைத்த சுடிதார் போட்டிருந்தாள். அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு துண்டைப் பார்த்தாள்.

"கையில என்னப்பா?"

"மீன் கடிச்சிடுச்சு."

"மீனா? காட்டுங்க."

துண்டைப் பிரித்துப் பார்த்து முகம் சுளித்தாள். உள்ளே ஓடிப் போய்ப் பஞ்சும் களிம்பும் எடுத்து வந்தாள். நாற்காலிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மருந்து கூடப் போடாமலா இவ்வளவு தூரம் வந்தீங்க? சீழ் பிடிச்சா என்னப்பா பண்ணுவீங்க?"

துடைத்தாள். ஊதினாள். எரியுமே என்று ஒவ்வொரு கடிவாய்க்கும் தனித்தனியாக ஊதினாள். குனிந்து ஊதும்போது சுடிதார்க் கை மேலேறியது. மணிக்கட்டுக்கு மேல் பழைய மஞ்சளும் புதிய நீலமுமாக இருந்தது.

டிவியில் யாரோ பவுண்டரி அடித்தார்கள். மாப்பிள்ளை கை தட்டினார்.

"கிளம்பு," என்றார் சபாநாயகம் மெதுவாக. "வீட்டுக்குப் போலாம்."

ஹேமா களிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஹேமா. கிளம்பும்மா."

அவள் பஞ்சைக் கிழித்தாள். அளவு பார்த்து வைத்தாள். பயப்படுகிறாள் என்று நினைத்தார். தன் மேல் கோபம் என்று நினைத்தார்.

"ஹேமா."

சமையலறை வாசலில் சம்பந்தியம்மா காபி டம்ளரோடு நின்றிருந்தார்.

"அவளுக்கு அந்தக் காது கேக்காதுங்க," என்றார். "இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க." எந்தக் குழாயில் தண்ணீர் வராது என்று சொல்வது போலச் சொன்னார்.

டம்ளரை அவருக்கு நீட்டினார். சபாநாயகம் வாங்கவில்லை.

நாற்காலியிலிருந்து எழுந்தார். மகளைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தார். தரையில் உட்கார அவருக்குச் சிரமம். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"கிளம்பும்மா," என்றார். இந்தத் தடவை குரலைத் தாழ்த்தவில்லை. "வீட்டுக்குப் போலாம்."

டிவி சத்தம் நின்றது. மாப்பிள்ளை திரும்பினார். சம்பந்தியம்மா டம்ளரைப் பிடித்தபடியே நின்றார்.

ஹேமா களிம்பு டப்பியின் மூடியைத் திருகி மூடினாள். மிச்சப் பஞ்சை மடித்து வைத்தாள். பிறகு தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தாள்.

"எத்தனை நாளைக்குப்பா?"